ஸ்டெல்லா எழுதிய வரியில் பிழை இல்லை

தினேஷ்,

“அன்புள்ள மகனுக்கு” என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. அதை முதலில் போட்டால், அம்மாவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து மிச்சத்தைப் படிக்காமல் மூடிவிடுவாய். முதல் சொல்லைப் பார்த்ததுமே முழு வரியும் விளங்கிவிட்டதாக நினைக்கிற புத்தி உனக்கு. இந்தக் கடிதமே அந்தப் புத்தியைப் பற்றியதுதான். நீ என் போனைத் தூக்குவதில்லை. அதனால் இதைக் கையால் எழுதி, டவுனில் கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி உனக்கு அனுப்புகிறேன். உன்னோடு வேலை செய்கிற உன் நண்பர்களுக்கும் அனுப்புகிறேன், சம்பந்தி வீட்டுக்கும் அனுப்புகிறேன். எல்லோரும் படிக்கட்டும். உனக்கு வெட்கமாக இருந்தால் நல்லது, இன்னும் வெட்கம் மிச்சம் இருக்கிறதென்று சந்தோஷப்படுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் மெல்பர்ன் போகிறீர்கள். பிள்ளை கடல் தாண்டும்போது தாய் எழுதுகிற கடிதத்தில் என்னென்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும். குளிருக்கு உடுப்பு எடு, நேரத்துக்குச் சாப்பிடு, பெண்டாட்டியிடம் எதையும் மறைக்காதே என்றெல்லாம் இருக்கும். நடுவிலே பெற்றவள் தன் குற்றங்குறைகளையும் கொஞ்சம் கண்ணீரோடு ஒப்புக்கொள்வாள், பிள்ளை அதைப் படித்து உருகும். அந்தக் கடிதத்தை வேறு யாராவது அம்மா எழுதட்டும். எனக்கு இப்போது கோபத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஸ்டெல்லா எங்கே இருக்கிறாள், எதற்காக இருக்கிறாள் என்று உன் மனைவியிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். அந்தப் பிள்ளையும் இதைப் படிக்கப் போவதால், முதலிலிருந்தே சொல்கிறேன்.

உக்குவளையில் அரிசிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். நாங்கள் மரியாதையாக மாத்தயா என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற சிங்கள இன்ஜினியர், நான், ஸ்டெல்லா, மூன்று பேர்தான். ஆற்றின் மேலே அணை இருக்கிறது. மழை எவ்வளவு, மேலே தண்ணீர் எவ்வளவு என்று வருகிற கணக்கை வாங்கி, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவை எப்போது திறக்க வேண்டி வரும், கீழே பல்லேபொலப் பக்கத்து ஆட்களுக்கு எப்போது எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்கிற புரோகிராம் எங்களுடையது. ஃபோர்ட்ரான் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுத ஆரம்பித்தது. கம்பஸில் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு போட்ட மொழி. “இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழுறீங்க” என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் ஸ்கூல் பீஸ் அந்த அழுகையில்தான் கட்டினேன்.

ஸ்டெல்லா யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. லயத்து வரிசை வீட்டில் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, டவுன் கொன்வென்டில் படித்து, கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்துவிட்டு என்னிடம் வந்தவள். பாவப்பட்ட பிள்ளை, வாயில்லாப் பூச்சி என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு வாய் காது வரைக்கும். பிரிண்டர் மக்கர் பண்ணினால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டி, “மிஸ், இது எங்க கங்காணி மாதிரி, மரியாதையா பேசினா வேலைக்கு ஆகாது” என்பாள். இன்ஜினியர் மாத்தயாவையே சிங்களத்தில் கிண்டல் பண்ணுவாள், அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். வேலையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. ஒரு வரியை மாற்றினால் ஏன் மாற்றினாள் என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைப்பாள். உன்னை “தினேஷ் அண்ணா” என்றுதான் கூப்பிடுவாள். உன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவளும் அவள்தான்.

எங்கள் புரோகிராம் வளர்ந்து பல கோப்புகளாகிவிட்டது. ஃபோர்ட்ரானில் மொடியூல் என்று ஒன்று இருக்கிறது. சில எண்களையும் கணக்குகளையும் ஒரு பெயர் போட்டுக் கட்டி வைப்பது. மற்றக் கோப்புகள் அந்தப் பெயரைச் சொல்லி உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும். கட்டி வைத்ததில் ஒரு எண் மாறினால், அதை எடுத்துக்கொண்ட கோப்புகளையெல்லாம் திரும்பவும் கம்பைல் பண்ண, அதாவது மெஷினுக்கு விளங்குகிற மாதிரி மாற்ற, வேண்டும். பண்ணாவிட்டால் அவற்றுக்குள்ளே பழைய எண்ணே உட்கார்ந்திருக்கும். எது எதை எடுக்கிறது என்று மண்டையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கம்பைல் பண்ணி நான் களைத்துப் போனபோது, நீ ஒரு புதுவருட லீவில் வந்து ஒரு சின்னக் கருவி எழுதித் தந்தாய். எல்லாக் கோப்புகளையும் அதுவே வாசித்து, எந்தக் கோப்பு எந்த மொடியூலை உண்டாக்குகிறது, எது எதை எடுக்கிறது என்று கண்டுபிடித்து, வேண்டியதை மட்டும் வரிசையாகக் கம்பைல் பண்ணும். அன்றைக்கு உன்னை ஒபிஸ் முழுக்கத் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். மாத்தயா உனக்குக் கிரிபத் பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் வாங்கி வந்து தந்தார்.

அந்தக் கருவி மொடியூலை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று அப்போதே கேட்டேன். “லைன் module-ன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை பேரு, அவ்வளவுதாம்மா” என்றாய். எல்லா வரியும் அப்படி இருக்காதே என்றேன். “உங்க புரோகிராமைப் பார்த்துட்டுத்தான் எழுதினேன். இது போதும்” என்றாய். போதுமா? அதே சொல்லில் ஆரம்பிக்கிற வேறு வரிகள் ஃபோர்ட்ரானில் இருக்கின்றன. யாராவது ஒரு எண்ணுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கலாம், அந்த மொழி அதைத் தடுப்பதில்லை. ஒரு கணக்கைப் பொதுப் பெயரோடு சேர்த்துக் காட்ட module procedure என்று ஒரு வரி எழுதுவோம். அது புது மொடியூல் இல்லை, ஏற்கெனவே இருக்கிற மொடியூலுக்குள் இருந்துகொண்டு, இந்தக் கணக்கையும் அந்தப் பெயரில் கூப்பிடலாம் என்று சொல்கிற வரி. வரியைக் கடைசி வரைக்கும் வாசித்தால் தெரியும், ஏனென்றால் மொடியூல் ஆரம்பிக்கிற வரியில் ஒரே ஒரு பெயர்தான் வரும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது. நாம் இப்போது ஒரு மொடியூலுக்கு உள்ளே நிற்கிறோமா, வெளியே நிற்கிறோமா என்று ஞாபகம் வைத்திருந்தாலும் தெரியும். முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு முடிவு கட்டினால் தெரியாது.

ஸ்டெல்லா அப்படியொரு வரி எழுதினாள். தேவைப்பட்டது, எழுதினாள், நான் பார்த்துச் சரி என்றேன். வான்மட்டம் என்கிற கோப்பில், எந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் எச்சரிக்கை என்கிற எண் இருக்கிற அதே கோப்பில், எழுதினாள். உன் கருவி அந்த வரியைப் பார்த்து, இந்தக் கோப்பு procedure என்ற பெயரில் ஒரு மொடியூல் செய்கிறது என்று முடிவு கட்டியது. ஒரு கோப்புக்கு ஒரு பெயர்தான் நீ இடம் வைத்திருந்தாய், அதனால் வான்மட்டம் என்ற உண்மையான பெயரை அழித்துவிட்டது. பிறகு மற்றக் கோப்புகள் வான்மட்டம் வேண்டும் என்று கேட்டபோது, அதை யார் செய்கிறார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று கத்த வேண்டாமா? கத்தவில்லை. வெளியிலிருந்து எங்கிருந்தோ வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தது. கம்பைலரும் முனகவில்லை, பழைய வான்மட்டம் டிஸ்கிலே கிடந்ததால் அதற்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. அந்தக் கருவி ஆளை மாற்றிப் பிடித்ததைக்கூட மன்னிப்பேன். கேட்டவனுக்குப் பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டு இருந்ததே, அதை மன்னிக்கவே மாட்டேன்.

இதையும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்டெல்லா உனக்குச் சொன்னாள். கண்டுபிடித்த மொடியூல்களின் பெயர்கள் திரையில் ஓடும்போது procedure என்று ஒன்று ஓடுவதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“அண்ணா, நம்ம புரோகிராம்ல இல்லாத ஒரு மொடியூல் பேரு வருதுங்க. procedure-ன்னு. வான்மட்டம் பேரக் காணோம்.”

“அது சும்மா வர்ற பேரு தங்கச்சி. கண்டுக்காதீங்க.”

“இல்லங்கண்ணா, இது எங்கயாச்சும் இடிக்குமோன்னு பயமா இருக்கு.”

“ஓடுதா இல்லையா?”

“ஓடுது.”

“ஓடுதில்ல? பின்ன என்னா? எனக்கு இங்க விசா வேலை தலைக்கு மேல இருக்கு. லீவுல வந்து பாக்குறேன்.”

நீ லீவில் வரவில்லை. அதுவும் பரவாயில்லை, வேலை இருந்திருக்கும். அணையில் மண் அடைந்து போனதால் எச்சரிக்கை மட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று அளந்து சொன்னார்கள். மாத்தயா கையெழுத்துப் போட்டார், ஸ்டெல்லா வான்மட்டத்தில் எண்ணை மாற்றினாள், உன் கருவியை ஓட விட்டாள். அது அந்த ஒரு கோப்பை மட்டும் கம்பைல் பண்ணியது. எச்சரிக்கை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிற கோப்பை அது தொடவே இல்லை. பிரிண்ட் எடுத்த தாளின் தலைப்பை அச்சடிக்கிறது வான்மட்டம், அதனால் அங்கே புது எண் அழகாக நின்றது. உள்ளே முடிவு எடுத்தது பழைய எண். தாளைப் பார்த்த மூன்று பேருமே எல்லாம் சரி என்றுதான் நினைத்தோம்.

மழை வந்தது. நவம்பர் மழை உனக்குத் தெரியும், பானையைக் கவிழ்த்த மாதிரி ஊற்றும். தண்ணீர் புது மட்டத்தைத் தாண்டியபோது எங்கள் புரோகிராம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய மட்டத்துக்கு வந்த பிறகுதான் கத்தியது. அதற்குள் அணையில் வேறு வழியில்லாமல் வான்கதவைத் திறந்துவிட்டார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை, அது கடவுள் புண்ணியம். பல்லேபொலப் பக்கம் வயலெல்லாம் மண் மூடிப் போனது. மிளகுக் கொடியும் கோப்பி மரமுமாக இருந்த தோட்டங்கள் வேரோடு போயின. மாடு அவிழ்க்கப் போன ஒருவர் கால் முறிந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பஸ் ஓடவில்லை. வடக்கே சண்டை உச்சத்தில் இருக்கிற நேரம், ரேடியோவைத் திருப்பினால் அதே பேச்சு. ஊரில் யாரோ ஒருவன் வாயைத் திறந்தான்: அணைக் கணக்குப் போடுகிறது தமிழ்ப் பெட்டை, கொட்டியாவின் வேலை, புலியின் வேலை என்று. ஒரு வாய் போதாதா? மறுநாள் காலை ஒபிஸ் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது, ஸ்டெல்லாவைக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். தாளில் ஒரு எண், மெஷினுக்குள் வேறு எண். கடைசியாகத் தொட்டது யார்? இவள். அடையாள அட்டையில் தமிழ் எழுத்து. முடிந்தது கதை. நான் பொலிஸ் ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யின் முன்னால் உட்கார்ந்து சிங்களத்தில் முழுவதையும் விளங்கப்படுத்தினேன். அவர் மரியாதையான மனிதர், எனக்கு நாற்காலி போட்டார், டீ தந்தார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “நோனா சொல்றது எனக்குப் பாதி விளங்குது. ஆனா நோனா அந்தப் பிள்ளையோட மேலதிகாரி, நோனாவும் தமிழ். வேற என்னா சொல்லப் போறீங்க? அந்தக் கருவியச் செஞ்சது யாரு? அவர் வந்து, இது என் பிழைன்னு காட்டட்டும். நான் எழுதிக்கிறேன்.” மாத்தயாவும் போய்ப் பேசினார். தனக்கு விளங்காததில் கையெழுத்துப் போட்டால் அதை வைத்தே நாளைக்கு அவளை இன்னும் சிக்க வைப்பார்கள் என்று தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை அவளைக் கொழும்புக்கு மாற்றப் போகிறார்கள். அங்கே போனவர்கள் எப்போது வெளியே வருகிறார்கள் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

அவளைக் கொண்டுபோன மூன்றாம் நாள் உன்னிடமிருந்து ஒரு ஈமெயில் வந்தது. “கருவியின் புது வர்ஷன் அனுப்பியிருக்கிறேன், பழையதை அழித்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.” இவ்வளவுதான். ஸ்டெல்லா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கப்பா உனக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தார், எனக்குத் தெரியும். நான் பழையதை அழிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டெல்லாவின் அதே கோப்புகளை, அவள் மாற்றிய அதே எண்ணோடு, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ஓட விட்டேன். பழைய கருவி முடிவு எடுக்கிற கோப்பைத் தொடாமல் விட்டது. புதுக் கருவி அதைக் கம்பைல் பண்ணியது, எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. procedure என்ற பெயர் திரையில் ஓடவே இல்லை. நல்ல வேலை மகன். ஒரு கோப்பில் எத்தனை மொடியூல் இருந்தாலும் இப்போது எடுக்கிறது, வரியை முடிவு வரைக்கும் வாசிக்கிறது, எதையாவது காணவில்லை என்றால் கத்துகிறது. கருவிக்குக் கத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு நீ வாயை மூடிக்கொண்டாய்.

அன்றைக்கு உனக்குப் போன் எடுத்தேன். “அம்மா, இதெல்லாம் இப்ப போன்ல பேசாதீங்க” என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் போன் ஓஃப். இரண்டு கருவிகளையும் நீ எழுதிய மூல வரிகள் உன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது ஓடுகிற பிரதி, அதைத் திறந்து யாருக்கும் காட்ட முடியாது. எந்த வரியில் பிழை, அதை எப்படித் திருத்தினேன் என்று காட்ட உன்னால் மட்டும்தான் முடியும். அந்த ஒரு வரிதான் அந்தப் பிள்ளையின் விடுதலை. அதை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு மெல்பர்ன் போகிறாயா? சீ!

நீ பயப்படுகிறாய். நியாயம். பொலிஸுக்குப் போனால் உன்னையும் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயம். வைக்கலாம். வைக்கமாட்டார்கள் என்று உனக்குப் பொய் சொல்ல நான் தயாரில்லை. உனக்குத் தினேஷ் என்று பெயர் வைத்ததே பயத்தில்தான். கேட்டதும் சிங்களப் பிள்ளையா தமிழ்ப் பிள்ளையா என்று தெரியக்கூடாது, செக்பொயின்டில் அந்த ஒரு நிமிஷம் தப்பிக்கலாம் என்று உங்கப்பாவும் நானும் கூடிப் பேசி வைத்த பெயர். ஆனாலும் நீ தப்பவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வெள்ளவத்தையில் நீ இருந்த லொட்ஜைச் சுற்றி வளைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். நானும் உங்கப்பாவும் இங்கே சாமி படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தோம். யாரப்பா போனது? இன்ஜினியர் மாத்தயா. பிரஷர் மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தானே காரை ஓட்டிக்கொண்டு போய், ஸ்டேஷன் வாசலில் நின்று, “மே மகே புதா” என்று சொன்னார். இவன் என் மகன் என்று. தனக்கு ஒரு சொந்தமும் இல்லாத தமிழ்ப் பிள்ளைக்காக ஒரு சிங்கள மனிதன் அந்த நாளில் அந்த இடத்தில் அப்படிச் சொல்வது லேசான காரியமா? நீ வெளியே வந்து அவர் காலில் விழுந்தாய். அவருக்கும் பயம் இருந்தது. அதை என்னிடம் அவரே சொன்னார்.

இன்னொரு மனிதரையும் சொல்கிறேன். எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளை டவுனில் என் அப்பாவின் தையல் கடை எரிந்தது. எதிர்ப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர் தினமும் காலையில் எங்கள் கடையில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். யார் வந்தது, யார் எண்ணெய் ஊற்றியது எல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. விசாரிக்க வந்தபோது, “நான் உள்ளுக்கு இருந்தேன், ஒன்னும் காணல்ல” என்றார். கெட்டவர் இல்லை. பிறகு எங்களுக்கு அரிசியும் சீனியும் கொண்டு வந்து தந்தார், அப்பா கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நான் வாங்கவில்லை. எரித்தவன் முகம்கூட எனக்கு இப்போது ஞாபகத்தில் இல்லை. அந்த மனிதர் சீனிப் பையோடு வாசலில் நின்ற முகத்தை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கொதிக்கிறது. உன் ஈமெயிலைத் திறந்தபோது எனக்கு அந்த முகம்தான் தெரிந்தது. பெற்ற பிள்ளையில் அதைப் பார்க்க வைத்தாயே, பாவி.

உங்கப்பா உன் கட்சி. “பையன் போகட்டும் விடு, அங்க போய்ச் சேர்ந்த பொறகு எழுதி அனுப்புவான்” என்கிறார். போய்ச் சேர்ந்த பிறகு நீ எழுத மாட்டாய். முதல் வாரம் வீடு தேட வேண்டும், இரண்டாம் வாரம் வேலை, பிறகு இப்போது எழுதினால் ஏன் முன்பே எழுதவில்லை என்று கேட்பார்களே என்று ஒரு யோசனை. எனக்கு உன்னைத் தெரியும். அதனால் இன்று காலை நான் ஸ்டேஷனுக்குப் போனேன். கருவியைச் செய்தவர் யார் என்று ஓ.ஐ.சி. கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயர், உன் வேலையிடம், நீ இருக்கிற வீடு, உன் விமானம், எல்லாம் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். சனிக்கிழமை காலை நீயே வந்து காட்டுவாய் என்றும் சொன்னேன். நீயாக வந்தால் சாட்சி, அவர்கள் தேடி வந்தால் வேறு என்று அவர் சொன்னார். அதையும் மறைக்காமல் உனக்குச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நீயும் தலையாட்டி ஆயிட்டியா?” என்றார். சுற்றிவளைப்பில் சாக்கை முகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வரிசையில் வருகிற நம் பிள்ளைகளைப் பார்த்துத் தலையாட்டுகிறவனோடு என்னை ஒப்பிட்டார். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். எனக்கு வலிக்கவில்லை என்று எழுத முடியாது, இன்னும் வலிக்கிறது. ஆனால் தலையாட்டி முகத்தை மூடிக்கொள்வான், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. நான் மூடவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்தது உன் அம்மா. ஊருக்கெல்லாம் தெரியும்படி சொல்கிறேன்.

சனிக்கிழமை முதல் ரயிலில் வா. உக்குவளை ரயில் ஸ்டேஷனில் நானும் மாத்தயாவும் நிற்போம், மாத்தளையிலிருந்து ஒரு லோயரையும் பேசியிருக்கிறேன். கம்ப்யூட்டரை எடுத்து வா, பழையது புதியது இரண்டும் அதில் இருக்கட்டும். நான் உன் பக்கத்திலேயே உட்காருவேன், உன்னை உள்ளே வைத்தால் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். டிக்கட் போனால் போகட்டும், மெல்பர்ன் எங்கேயும் ஓடிவிடாது. வராமல் விமானம் ஏறத்தான் போகிறாய் என்றால், போய் இறங்கியதும் வீட்டுக்குப் போன் எடு. நான் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் ஸ்டெல்லாவுக்காக இருப்பேன், என்மேல் என்ன கோபம் இருந்தாலும் உங்கப்பா என்னோடு இருப்பார், அந்தளவு மனிதர்தான் அவர். ஸ்டெல்லாவின் அம்மா நேற்றிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறார், உன் அறையில் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போன் அடித்தால் மகள் செய்தியாக்கும் என்று ஓடிப்போய்த் தூக்குகிறார். அவர்தான் பேசுவார். என்ன சொல்வதென்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

அம்மா